எந்தச் சரி?

அத்தியாயம் 14

சேவியருக்குக் கோபம் வந்தால் அந்த வீட்டில் சகாயசெல்விக்குத்தான் வேலை கூடிப்போகும்.

"செல்வி, அந்தம்மாகிட்டச் சொல்லு. குளிச்சுட்டு லைட்ட அணைக்காம வந்துருச்சு. கரண்டு பில்லை ஜட்ஜு சம்பளத்துலயா கட்டுறோம்?"

அந்தம்மா என்பது அன்புக்கரசி. சாட்சாத் சொந்த மகள். ரெண்டடி தள்ளி நின்று தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பாட்டச் சொல்லு. மோட்டாரைப் போட்டுட்டு மறந்துட்டாரு. டேங்கு நெறஞ்சு தெருவெல்லாம் தண்ணி."

"ரெண்டு பேரும் என்னைய என்னான்னு நெனச்சீங்க? போஸ்டாபீசா?" சகாயசெல்வி தோசைக் கரண்டியை டொக்கென்று வைத்தாள். "இந்தா இருக்கு மூஞ்சி, இந்தா இருக்கு காது. நேரா பேசுனா வாயி தேஞ்சா போயிரும்?"

கல்லில் கிடந்த தோசை கருகியது.

அன்புக்கரசி சிவில் நீதிபதி தேர்வில் ஜெயித்த அன்றைக்கு ஆரம்பித்த மௌனம் இது. தெருவே வந்து கேக் வெட்டியது. மாதா கோயிலில் சாமியார் பெயர் சொல்லி வாழ்த்தினார். சேவியர் மட்டும், "கோர்ட்டு வாசப்படிய இந்தக் காலு இனிமே மிதிக்காது. அங்க போயி உக்காருறவளோட எனக்கு என்ன பேச்சு?" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர்தான்.

தொடர்ந்து படிக்கிறவர்களுக்குக் காரணம் தெரியும். இந்த வாரம்தான் வந்து உட்காருகிறீர்கள் என்றால், கேளுங்கள். ஆத்தூரில் சேவியருக்கும் அவர் அண்ணன் அந்தோணிராஜுக்கும் பொதுவாக ஒரு கிணறு இருந்தது. பங்குத் தகராறு கோர்ட்டுக்குப் போனது. சேவியர் சாட்சிக் கூண்டில் ஏறி இறங்கினார். கிணறு அண்ணனோடு போய்விட்டது. தண்ணீர் பாயாத விவசாயக் காட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விற்றுவிட்டுத் திண்டுக்கல் டவுனுக்கு வந்தார். இப்போது ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரளா போகிற லாரிகளுக்கு லோடு ஏற்றும் மேஸ்திரி.

"ஒத்த வார்த்தையில போச்சு என் கெணறு" என்பார் எப்போதாவது. என்ன வார்த்தை என்று கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். கட்டின பெண்டாட்டிக்கே இன்றுவரை தெரியாது.

வருகிற திங்கட்கிழமை அன்புக்கரசி பக்கத்து மாவட்டத்தில் ஒரு கோர்ட்டில் பொறுப்பேற்கிறாள். அப்பா வருவாரா? அவளுக்கு இருந்த ஒரே கவலை அதுதான். சகாயசெல்வி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போன வாரம் ஒரு காரியம் செய்தாள் அல்லவா? ஊரறியாமல் அந்தோணிராஜுக்கே போன் போட்டு, "அன்பு திங்கக்கிழமை ஜட்ஜா உக்காருறா" என்று சொல்லி, அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டதும் பயந்துபோய் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து போன் மணி அடித்தாலே நெஞ்சு பக்கென்கிறது அவளுக்கு.

இந்தச் சனிக்கிழமைக் காலையில் மூத்தவன் ஆனந்த்ராஜ் போனைக் காதில் வைத்தபடி முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

"என்னண்ணே சொல்றீங்க, சுத்தமா வரலையா? ஒரு வார்த்தைகூடவா? சரி, வெந்நீர் குடிங்க" என்று வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். வத்தலக்குண்டு நாடகக்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாம்.

ஆனந்த்ராஜும் அவன் கூட்டாளி பாஸிலாவும் பேகம்பூரில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் கேம் கம்பெனி வைத்திருக்கிறார்கள். கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ரெண்டு பேர், ரெண்டு மேஜை. அவன் புரோகிராம் எழுதுவான், அவள் ஆள்களை வரைவாள். புது நீதிபதிகளும் கோர்ட்டு ஊழியர்களும் பழகிப் பார்க்க அவர்கள் ஒரு விளையாட்டுச் செய்திருக்கிறார்கள். கண்ணாடி மாதிரி ஒரு ஹெட்செட்டைத் தலையில் மாட்டினால் எதிரே முழு கோர்ட்டே தெரியும். வக்கீல் கம்ப்யூட்டர். சாட்சி மட்டும் உள்ளறையில் உட்கார்ந்து மைக்கில் பேசுகிற நிஜ மனுஷன். அவர் பேசினால் திரையில் இருக்கிற உருவம் வாயசைக்கும்.

இன்றைக்குத்தான் முதல் சோதனை. பல மாவட்டங்களிலிருந்து பயிற்சிக்கு வருகிறார்கள். சாட்சியாகப் பேச வேண்டிய நாடகக்காரருக்கோ குரல் இல்லை.

ஆனந்த்ராஜின் கண் டீ குடித்துக்கொண்டிருந்த அப்பா மேல் விழுந்தது.

"அப்பா, இன்னைக்கு உங்களுக்கு லீவுதான?"

"எதுக்குக் கேக்குற?"

"ஒரு மைக்குல செத்த நேரம் பேசணும். ஒரு விவசாயி மாதிரி."

"மாதிரி என்னடா மாதிரி? எங்க?"

"காலேஜுல."

"கோர்ட்டுச் சமாச்சாரம்தான அது? நான் வாரல."

"கோர்ட்டு வாசப்படியத்தான மிதிக்க மாட்டேன்னீங்க? காலேஜு வாசப்படிய ஒண்ணும் சொல்லலையே!"

சேவியர் முறைத்தார். ஆனால் பையனின் முகம் வாடிக் கிடந்ததைப் பார்த்ததும் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சட்டையை எடுத்தார். அன்புக்கரசி அதற்கு முன்பே டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போயிருந்தாள். எங்கே போகிறாள் என்று அவர் கேட்பதில்லை; இவளும் சொல்வதில்லை.

கல்லூரி ஹாலில் மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் சேவியரை உட்கார வைத்தார்கள். எதிரே ஒரு மானிட்டர். அதில் தோளில் துண்டு போட்ட ஒரு பெரியவர்.

"யாரும்மா வரைஞ்சது? மீசை இப்படித் தொங்குது?"

"நாந்தான் அங்கிள்" என்று பாஸிலா சிரித்தாள். "பேசுங்க, அவரும் பேசுவாரு. உங்க குரலக் கொஞ்சம் வயசாக்கி, கரகரப்பாக்கித்தான் வெளிய அனுப்புவோம். வெளிய பேசுறது மட்டும் உங்களுக்கு அப்படியே கேக்கும்."

ஆனந்த்ராஜ் விஷயத்தைச் சொன்னான். "உங்க பேரு முத்துச்சாமி. கிணத்துல பங்கு கேட்டுக் கேஸ் போட்டிருக்கீங்க. எதிர்த்தரப்பு வக்கீல், பங்கு இல்லைன்னு அடிச்சுப் பேசுவாரு. நீங்க, 'இல்லைங்கய்யா, எங்கப்பா காலத்துல இருந்து பாதிப் பங்கு இருக்கு'ன்னு சொல்லணும். அம்புட்டுதான்."

சேவியர் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஏலே, ஒனக்கு வேற கேஸே கெடைக்கலையா?"

"நம்ம பக்கம் கிணத்துச் சண்டை இல்லாம சிவில் கேஸாப்பா? யோசிக்காமப் போட்டுட்டேன். மன்னிச்சுக்கங்க. இன்னைக்கு ஒரு நாள் மட்டும்."

அதற்குள் ஹாலில் சீட்டுக் குலுக்கியாயிற்று. பயிற்சியை நடத்த வந்திருந்த பெரிய ஜட்ஜம்மா முதல் பெயரை வாசித்தார். "அன்புக்கரசி. வாங்கம்மா, நீங்கதான் நீதிபதி. டைப்பிஸ்ட் இடத்துல மகேஸ்வரி."

ஆனந்த்ராஜ் இதை எதிர்பார்க்கவில்லை. அப்பாவை எழுப்பிவிடலாமா என்று திரும்பினான். சேவியர் அப்போதுதான் ஹெட்போனைத் திரும்ப மாட்டியிருந்தார். ஆட்டம் தொடங்கிவிட்டது.

மேடையில் அன்புக்கரசிக்கு எதிரே கூண்டில் தொங்கு மீசைப் பெரியவர் நின்றார். பக்கத்து மேஜையில் மகேஸ்வரி விரல்களை விசைப்பலகை மேல் தயாராக வைத்திருந்தாள். பல வருஷம் சாட்சி வாக்குமூலம் அடித்துப் பழகிய விரல்கள். மேலே ஒரு மூலையில் கடிகாரம் ஓடியது. அன்றைக்கு முடிக்க வேண்டிய வழக்குகள் இன்னும் எத்தனை என்று அதற்குக் கீழே சிவப்பில் காட்டிக்கொண்டே இருந்தது.

"பயப்படாம நில்லுங்க. உங்க பேரு?" என்றாள் அன்புக்கரசி.

உள்ளறையில் சேவியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நேற்றுவரை 'அம்மா, அப்பாட்டச் சொல்லு' என்று சுற்றி வந்த குரல், இப்போது நேராகக் காதுக்குள். மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பாஸிலா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவர் வேண்டாம் என்று கையசைத்தார்.

"சே... முத்துச்சாமிங்கம்மா."

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்க."

"சரிங்கம்மா."

"வக்கீல் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்."

"சரிங்கம்மா."

கம்ப்யூட்டர் வக்கீல் கறுப்புக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். நல்ல கட்டைக் குரல் அவருக்கு. "கிணத்துல உமக்குப் பங்கே கிடையாது. அது முழுக்க முழுக்க உம்ம அண்ணன் வெட்டுன கிணறு. அப்படித்தான் நான் சொல்றேன்."

சேவியரின் கண் முன்னால் அந்தப் பழைய கோர்ட்டு வந்து நின்றுவிட்டது. அதே மாதிரிக் கோட்டு, அதே மாதிரி அதட்டல். ஆனந்த்ராஜ் சொல்லிக்கொடுத்தது எங்கே போனதோ!

"சரிங்கய்யா" என்றார்.

"அப்பா! இல்லைங்கய்யான்னு சொல்லணும்ப்பா!" ஆனந்த்ராஜ் வாயைப் பொத்திக்கொண்டு துடித்தான். சேவியருக்கு அது காதில் ஏறவில்லை.

திரையில் பச்சையாக ஒரு விளக்கு எரிந்தது. ஒப்புதல். மகேஸ்வரியின் விரல்கள் கோர்ட்டு வழக்கப்படி தானாக அடித்தன: 'கிணற்றில் எனக்குப் பங்கு இல்லை என்றால் சரிதான்.' கோர்ட்டுப் பாஷையில் அதற்கு, சாட்சி ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

"வாசிச்சுக் காட்டுங்க" என்றாள் அன்புக்கரசி. மகேஸ்வரி மளமளவென்று வாசித்தாள்.

"வாசிச்சது சரியா இருக்கா?"

"சரிங்கம்மா."

அவ்வளவுதான். 'முடிக்கவும்' என்ற பொத்தானை அழுத்தினால் அடுத்த வழக்கு. கடிகாரம் வேறு சிவப்பாகிவிட்டது. அன்புக்கரசி கையைத் தூக்கினாள்.

தூக்கிய கை அப்படியே நின்றது. அவளுக்கு எதுவோ உறுத்தியது. சத்தமாகப் பேசுங்கள் என்றாலும் சரி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றாலும் சரி, கிணறு உனக்கில்லை என்றாலும் சரியா? பங்கு வேண்டும் என்று கேஸ் போட்ட ஆளே, பங்கு இல்லை என்பதற்கு இம்புட்டு லேசாகத் தலையாட்டுவாரா? மூன்றுக்கும் குரலில் ஒரு வித்தியாசமும் இல்லையே!

"பெரியவரே, வெளிய மழை கொட்டுதுன்னு எழுதிக்கிறேன்."

"சரிங்கம்மா."

ஜன்னலுக்கு வெளியே திண்டுக்கல் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஹாலே கொல்லென்று சிரித்தது. அன்புக்கரசி சிரிக்கவில்லை.

"நீங்க சரிங்கன்னு சொன்னா என்ன அர்த்தம்? நான் பேசுனது காதுல விழுந்துச்சுங்கிறீங்களா? இல்ல, அது உண்மைதான்னு ஒத்துக்கிறீங்களா?"

உள்ளறையில் சேவியர் கண்ணை மூடிக்கொண்டார். இந்த ஒரு கேள்விக்காகத்தான் அன்றைக்குக் கூண்டில் நின்றார் என்று இப்போது தோன்றியது அவருக்கு. அந்தக் கேள்வி வரவே இல்லை. இத்தனை காலம் கழித்து, பெற்ற மகள் வாயிலிருந்து வருகிறது.

"காதுல விழுந்துச்சு அப்பு" என்றார். குரல் உடைந்துவிட்டது. "உண்மைன்னு நான் எங்க சொன்னேன்?"

அப்பு!

சின்ன வயதிலிருந்து அவளை அப்படிக் கூப்பிடுகிறவர் இந்த உலகத்தில் ஒருத்தர்தான். பொம்பளைப் பிள்ளையைப் போய் அப்பு என்கிறாரே என்று தெருவில் கேலி செய்வார்கள். அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை மாதம் ஆகிவிட்டது! அன்புக்கரசி ஹெட்செட்டைப் பிடுங்காத குறையாகக் கழற்றினாள்.

"அப்பா?" என்றாள் மைக்கிலேயே.

ஹாலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. திரையில் பெரியவர் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார். அதற்கு மேல் மதிப்பெண் வந்தது: 'நேரம் கடந்தது. மைனஸ் பத்து.'

பெரிய ஜட்ஜம்மா எழுந்து வந்து திரையையும் அன்புக்கரசியையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்ல கேள்வி கேட்டதுக்கு மிஷின் மைனஸ் போடுதே! தம்பி, யாருப்பா இதைச் செஞ்சது?" ஆனந்த்ராஜ் கதவோரம் தலையைக் காட்டினான். "இந்தக் கேள்வி கேக்கவும் இதுல இடம் வைக்கணும். வச்சு, அடுத்த மாசம் என்கிட்டக் கொண்டு வா. இங்க தப்புப் பண்ணுனா யாரு கெணறும் போகப்போறதில்ல. அதனால எல்லாரும் தாராளமாப் பண்ணுங்க. பண்ணித் திருத்திக்கிட்டு அங்க போயி உக்காருங்க."

"மேடம், நான் இன்னொரு தடவை அடிச்சுப் பாக்கலாமா?" என்று மகேஸ்வரி கேட்டாள். "சரிங்கன்னு காதுல விழுந்ததும் என் கை 'சரிதான்'னு தானா அடிச்சிருச்சு. இப்ப நெனச்சாப் பயமா இருக்கு."

அன்புக்கரசி அதையெல்லாம் கேட்க நிற்கவில்லை. உள்ளறைக்கு ஓடினாள். நாற்காலி காலி. பின் கதவு திறந்து கிடந்தது.

"நாடகக்காரருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, அதான் அவரக் கூட்டியாந்தேன். மொதச் சீட்டே உன் பேருல விழும்னு சத்தியமா எனக்குத் தெரியாது" என்றான் ஆனந்த்ராஜ்.

"அண்ணே, அந்த ஒத்த வார்த்தை... இதுதானாண்ணே?"

அவனும் அப்போதுதான் அதை நினைத்திருந்தான் போல. தலையை மட்டும் ஆட்டினான். அன்புக்கரசி அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள். பாஸிலா பக்கத்தில் நின்று முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மத்தியானம் அண்ணனும் தங்கையும் வீட்டுக்கு வந்தபோது சேவியர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். சகாயசெல்விக்கு ஒன்றும் தெரியாது. "வேகுவேகுன்னு வந்தாரு, மூஞ்சி கழுவுனாரு, உக்காந்துட்டாரு. என்னடா ஆச்சு?" என்று மகனிடம் கிசுகிசுத்தாள்.

அன்புக்கரசி கை கழுவிவிட்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். மேலே மின்விசிறி கடகடத்தது.

"செல்வி, அந்தம்மாகிட்டச் சொல்லு..." என்று ஆரம்பித்த சேவியர் நிறுத்தினார். சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்தார். "வெறுஞ் சோத்தத் திங்கிற பாரு. வெஞ்சனம் எடுத்து வச்சுக்க அப்பு."

சகாயசெல்வியின் கையிலிருந்த குழம்புக் கரண்டி நழுவிச் சட்டிக்குள்ளேயே விழுந்தது.

"அப்பா, அன்னைக்கு நீங்க..."

"மார்க்கெட்டுல பாத்திருக்கியா? லோடுக்கு வியாபாரி ஒரு கூலி சொல்லுவான். சரிங்கம்பேன். கூலி படிஞ்சுருச்சுன்னா அர்த்தம்? நீ சொன்னது கேட்டுச்சு, மேக்கொண்டு பேசுன்னு அர்த்தம். படிஞ்சா முடிச்சுக்கலாம்பேன். பேச்சே அப்படித்தான நமக்கு?" தண்ணீரை எடுத்துக் குடித்தார். "அந்த வக்கீலு, பங்கு இல்லைன்னாரு. மொதல்ல அவரு பேசி முடிக்கட்டும், பெறகு நாம சொல்லுவோம்னு சரிங்கய்யான்னேன். பெறகுன்னு ஒண்ணு வரவே இல்ல. எழுதுனத வாசிச்சாக, அதுக்கும் சரிங்கன்னேன். எறங்குன்னுட்டாங்க. ஜட்ஜய்யா கெட்டவரில்ல, பாவம், மலையாட்டம் கேஸ் கட்டு கெடந்துச்சு அவரு முன்னாடி. எம் பேச்சு அவருக்குப் புரியல. அம்புட்டுதான்."

"எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமேப்பா!"

"என்னன்னு சொல்ல? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதவன், சரின்னு சொல்லிக் கெணத்தக் குடுத்துட்டு வந்தான்னு ஊரு சிரிக்கவா?"

அன்புக்கரசி கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். திங்கட்கிழமை வருவீங்களா என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் சேவியரின் போன் அடித்தது.

பெயர் இல்லாத நம்பர். ஆனால் சேவியருக்குத் தெரிந்த நம்பர்தான் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. சகாயசெல்வி அடுப்படிக்குள் நழுவப் பார்த்தாள். சேவியர் எச்சில் கையோடு எழுந்து, இடது கையால் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார்.

"சொல்லுண்ணே."

மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். அந்தப் பக்கம் அந்தோணிராஜ் நெடுநேரம் பேசினார். சேவியர் நிலைப்படியைப் பார்த்தபடி நின்றார்.

"ம்... சரி... சரிண்ணே... ம்... சரி."

போனை வைத்துவிட்டு வந்து பழையபடி உட்கார்ந்தார். சோற்றில் கை வைத்தார்.

"என்னங்க சொன்னாரு?" சகாயசெல்வி அடுப்படி வாசலிலிருந்தே கேட்டாள்.

"நீ போன் போட்டியாமே!"

அவள் முந்தானையைத் திருகினாள். சேவியர் திட்டவில்லை. "கெணத்தப் பத்திப் பேசணுமாம்" என்றார்.

அன்புக்கரசி பொறுக்க மாட்டாமல் முன்னால் நகர்ந்தாள். "அப்பா, மூணு தடவை சரின்னீங்களே. அது எந்தச் சரிப்பா? கேட்டுக்கிட்டேன்கிற சரியா, ஒத்துக்கிட்டேன்கிற சரியா?"

சேவியர் மகளை நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"எனக்கே இன்னும் முடிவாகல அப்பு. திங்கக்கிழமை அண்ணனும் அங்கதான் வாரானாம். ஒங்கோர்ட்டு வாசல்ல வச்சு அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லிக்கிறேன்." பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "ஏ செல்வி, எங்க வச்ச என் வெள்ளை வேட்டிய?"